ஓணான் போட்ட சரி

மிருகங்கள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவை மென்பொருளும் எழுதின. எப்படி என்று கேட்காதீர்கள். எழுதின, அவ்வளவுதான்.

கரையான்கள் சேர்ந்து 'புற்று' என்றொரு சட்டகம் கட்டியிருந்தன. கட்டற்றது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அதன்மேல் தங்கள் செயலியை எழுதிக்கொள்ளலாம். மழைக்கு மழை புதுப் பதிப்பு வரும். வந்ததும் பழைய செயலிகளில் சில ஓடும், சில படுத்துவிடும். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துப் பட்டியல் போடுவது ஓணானின் வேலை. கேட்டு வாங்கிய வேலை. வேலியில் உட்கார்ந்து அது தலையாட்டினால் காடே நம்பும். அந்த மரியாதை அதற்குப் பிடித்திருந்தது.

ஒன்பதாம் பதிப்பு வந்தது. ஓணான் யானையின் செயலியை ஓட்டிப் பார்த்தது. குரங்கினுடையதையும் பார்த்தது. வெயில் சுகமாக இருந்தது. மிச்சத்துக்கெல்லாம் எட்டாம் பதிப்பின் பட்டியலைப் பார்த்து அப்படியே 'சரி' போட்டது.

ஆட்காட்டிக் குருவி வந்தது. ஏரிக்கரையில் வெறுந்தரையில் முட்டையிடும் பறவை. தண்ணீர் ஏறினால் கூவும்படி ஒரு சின்னச் செயலி எழுதியிருந்தது. அது கூவினால் குருவி பறந்து வந்து முட்டைகளை மேட்டுக்கு உருட்டிவிடும். போன வருஷம் அப்படித்தான் பிழைத்தன.

"அண்ணே, ஒன்பதுக்கு மாறலாமா? நாலு முட்டை கிடக்குது."

"பட்டியலைப் பார்க்கலையா? சரின்னு போட்டிருக்கே."

"ஓட்டிப் பார்த்தீங்களா?"

"எட்டுல ஓடினது ஒன்பதுல ஓடாதா? யானையோடதே ஓடுது. உன்னோடது கடுகு!"

தலையை ஆட்டியது. ஒரே ஆட்டு.

குருவி மாறியது. மறுநாள் அது இரை தேடப் போயிருந்தபோது, மேற்கே பெய்த மழை ஏரிக்கு வந்து சேர்ந்தது. செயலி வாயே திறக்கவில்லை. குருவி திரும்பியபோது கரையில் தண்ணீர்தான் இருந்தது.

கரையான்கள் கூடிப் பார்த்தன. செயலி கூவப் பயன்படுத்திய பழைய வழியை ஒன்பதாம் பதிப்பில் அவையே அடைத்திருந்தன. ஒரு தரம் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அரை நாழிகை வேலை.

குருவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அதே கேள்வியைக் கேட்டது.

"அண்ணே, ஓட்டிப் பார்த்தீங்களா?"

ஓணானின் கழுத்து முழுக்கச் சிவந்தது. ஆமாம் என்று தலையாட்டப் போனது. பாதியில் பொய் என்று உறைத்தது, நிறுத்தியது. தலை மறுபடி ஏறியது, இறங்கியது.

பட்டியலில் தான் பார்க்காமல் போட்ட 'சரி' எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தது. அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரும் அதனிடம் எதையும் கேட்கவும் வரவில்லை.

அன்றையிலிருந்துதான் ஓணான் சிவந்த கழுத்தோடு வேலியில் உட்கார்ந்து தலையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறது. கிட்டே போனால் பாய்ந்து மறையும். அந்தக் கேள்வியை நீங்களும் கேட்டுவிடுவீர்களோ என்று பயம்.