பார்க்காமல் கொடுப்பவர்

"நான் கொடுக்காதது என்ன சாமி? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்" என்றார் சந்திரபோஸ்.

கோம்பைச் சாமி கஞ்சி அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, இரண்டு மலைக்கு நடுவே பள்ளமாகக் கிடக்கும் கோம்பையில் சின்னதாக ஒரு மடம். கோம்பையை விட்டு நகராததால் சாமிக்கு அந்தப் பெயர். போஸைவிட நாலைந்து வயது இளையவர். ஆனாலும் முழங்கால் போய்க் கூடைப்பந்து ஆட்டத்தை விட்ட நாளிலிருந்து போஸ் அவரைத் தேடித்தான் வருவார்.

"யாருக்குக் கொடுத்தீங்க?" என்றார் சாமி.

"என் சம்சாரம் சுபத்ராவுக்குத்தான். வீடு அவ பேருல. நகை, ஸ்கூட்டர், தையல் மெஷின். எதையும் அவ வாய் திறந்து கேட்டதில்ல, நானா வாங்கிக் குடுத்தேன். இப்ப என்னடான்னா, 'நீங்க எனக்கு ஒண்ணுமே தரல'ங்கறா. மத்தியானம் தென்காசி பஸ்ஸுல அண்ணன் வீட்டுக்குக் கிளம்புறா. திரும்பி வரமாட்டாளாம்."

"நீங்க இங்க வந்துட்டீங்க."

"அவகிட்ட சொல்ல ஒரு வார்த்தை குடுங்க சாமி. எதைச் சொன்னா நிப்பா?"

சாமி அகப்பையை வைத்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"மலை ஏற வந்தவங்களும் சாப்பிடல. முதல்ல அவங்களுக்கு ஊத்திக் குடுங்க."

போஸைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட வேண்டும். ஆறே கால் அடி உயரம். கூடைப்பந்து ஆடியே சம்பளம் வாங்கிய மனிதர். நாட்டு அணியில் ஆடினார். அப்புறம் மணிலாவிலும் பஹ்ரைனிலும் கிளப்புகளுக்கு ஆடினார். கூடையில் அவர் போட்டது கொஞ்சம்தான். போடுகிறவன் கையில் பந்தைக் கொண்டு சேர்ப்பதுதான் அவர் வேலை. முகம் இடப்பக்கம் திரும்பும், பந்து வலப்பக்கம் போயிருக்கும். தடுக்க வந்தவன் திருதிருவென்று விழிப்பான். அரங்கமே எழுந்து நின்று கத்தும்.

அதையெல்லாம் நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துவிடும். ஆட்டத்தைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. நிறைந்த மனசோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவருக்குத்தான் இந்தச் சோதனை.

கஞ்சிக்கு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். போஸ் டம்ளரை எடுத்தார், ஊற்றினார், நீட்டினார். அப்படி ஒரு வேகம்.

பார்த்தது முதல் ஆளை. டம்ளர் போனது மூன்றாவது ஆளுக்கு. முதல் ஆள் கையை நீட்டி ஏமாந்தார். மூன்றாவது ஆளோ மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி முழுக்க அவர் வேட்டியில்.

அடுத்த டம்ளரும் அதே கதைதான்.

சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, யாருக்குக் குடுக்கறீங்க? கண்ணு என்னைப் பார்க்குது, கஞ்சி அந்தாளுக்குப் போகுது. எனக்கா, அவருக்கா? ஒரு முடிவுக்கு வாங்க."

வரிசையே சிரித்தது. வேட்டி நனைந்தவரும் சிரித்தார். போஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பழக்கம்."

"என்ன பழக்கம் அது?" என்றார் சாமி.

"ஆட்டத்துல அப்படித்தான் சாமி. பந்தை வாங்கறவனைப் பார்க்கவே கூடாது. பார்த்தா போச்சு."

"ஏன்?"

"எதிராளி நம்ம கண்ணையே பார்த்துக்கிட்டிருப்பான். கண்ணு போற பக்கம் தடுக்க ஓடிருவான்."

"சரி, தனக்குத்தான் வருதுன்னு வாங்கறவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எப்ப வேணா வரும்னு கையைத் தயாரா வச்சுக்கிட்டு ஓடணும். ஓடிக்கிட்டே இருக்கணும்." போஸ் இதைப் பெருமையாகவே சொன்னார்.

"அவருக்குக் கஷ்டம்தான்."

"கஷ்டம்தான். சில பேரு மூஞ்சில வாங்கியிருக்காங்க."

சாமி கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு கேட்டார்.

"உங்க வீட்டுல எதிராளி யாருங்க?"

போஸின் கை அண்டாவுக்கு மேலேயே நின்றுவிட்டது.

அகப்பையைச் சிவப்புச் சேலைக்காரியிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"சாப்பிட்டுப் போங்க."

"பஸ்ஸு போயிரும் சாமி."

"ஏதோ வார்த்தை கேட்டீங்களே?"

"வேண்டாம் சாமி."

பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. போஸ் குனிந்துதான் உள்ளே ஏற முடிந்தது. சுபத்ரா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே கம்பித் தட்டில் அவள் பை.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே ஓடிய கண்ணை இழுத்துவந்து அவள் முகத்தில் வைத்தார். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவள் வேறொரு மூக்குத்தி போட்டிருந்தாள். எப்போது மாற்றினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்ன கொண்டாந்தீங்க?" என்றாள் சுபத்ரா.

"ஒண்ணும் கொண்டாரல."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

கண்டக்டர் விசில் ஊதினார். விசில் கேட்டால் தூக்கத்திலும் திரும்பிப் பார்க்கிற மனிதர் போஸ். இப்போது திரும்பவில்லை.

"என்னத்தை அப்படிப் பார்க்கறீங்க?"

"உன்னைத்தான்."

சுபத்ரா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கொஞ்சம் பொறுத்துத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அந்தப் பையை இறக்குங்க" என்றாள்.