ஒன்றரைப் புத்தகம்

ஞாயிற்றுக்கிழமை காலை, திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தக மூட்டையின் கயிறு அறுபடுகிற சத்தம் கேட்டால் போதும், தணிகாசலத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அறுபதைத் தாண்டிய நெஞ்சு. வெல்டிங் பட்டறையில் புகை குடித்துத் தேய்ந்த நெஞ்சு. ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு மட்டும் அது கன்றுக்குட்டி மாதிரி துள்ளும்.

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. பட்டறையில் யாரோ விட்டுப்போன ராக்கெட் கதை ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தார். அதில் விழுந்தவர்தான். வேறு கிரகமோ இயந்திர மனிதனோ இல்லாத கதையை அதற்குப் பிறகு அவர் தொட்டதில்லை. அச்சு நின்று, பதிப்பகமும் மூடிப்போன பழைய விஞ்ஞானக் கதைகள்தான் அவருடைய வேட்டை.

அவருக்கு ஒரு குரு உண்டு. பெயர் ஜரீனா. வயதில் அவருடைய மகளைவிட இளையவள். நடைபாதையில் பெட்ஷீட் விரித்து, ஜப்பான் கார்ட்டூன் படங்களில் வரும் பழைய அனிமே பொம்மைகள் விற்கிறவள். குப்பை மாதிரி கொட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக் குவியலில் கையை விட்டு, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வாளை எடுப்பாள். "இது நீல முடிக்காரி பொம்மையோடது, அவ நாலு கடை தள்ளிக் கிடக்கிறா" என்பாள். போய்ப் பார்த்தால் கிடப்பாள். தேடுகிறதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் நடைபாதை முழுக்க அவளைக் குரு என்று கூப்பிட்டது. மற்றவர்கள் கேலியாகக் கூப்பிட்டார்கள். தணிகாசலம் நிஜமாகவே கூப்பிட்டார்.

"என்னைச் சீடனா சேர்த்துக்கோ குருவே."

"இன்னாத்துக்கு நைனா? உனக்கு முடி கொட்டினப்ப நான் பொறக்கவே இல்லை."

"ஒரே ஒரு புத்தகம். அது கையில வந்தாப் போதும்."

"சேர்த்துக்கறேன். ஆனா நான் கை காட்டினா, காட்டினபடி செய்யணும். அந்த நேரத்துல ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. அப்புறமா எவ்வளவு வேணா கத்திக்க."

தணிகாசலம் தன் தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்தார்.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'வியாழனில் ஒரு வண்டிக்காரன்'. அதில் பாதி அவரிடம் இருந்தது. முன்பாதி. பின்பாதி கண்டக்டர் சூசைராஜிடம் இருந்தது.

அது வந்த கதை இப்படி.

நடைபாதையில் ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தின் மேல் முதலில் யார் விரல் வைக்கிறாரோ அது அவருக்கு. விரலை எடுக்கிற வரைக்கும் வேறு யாரும் தொடக் கூடாது. ஆனால் இரண்டு விரல் ஒரே நேரத்தில் விழுந்தால் என்ன செய்வது என்று அந்தச் சட்டத்தில் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் விழுந்தது. தணிகாசலத்தின் கறுத்த விரல் ஒன்று. டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்ப்பு ஏறிய சூசைராஜின் விரல் ஒன்று.

"எடுய்யா விரலை."

"நீ எடுய்யா."

இருவரும் எடுக்கவில்லை. வெயில் ஏறியது. பசித்தது. கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. கடைசியில் இழுத்தார்கள். பழைய பசை, மக்கின நூல். முதுகில் சரியாக நடுவில் கிழிந்து, ஆளுக்குப் பாதியாக வந்தது.

தணிகாசலத்தின் பாதி இப்படி முடிகிறது: வியாழன் கிரகத்துக்குப் போன வண்டிக்காரன் மூன்றாவது கதவைத் திறக்கிறான். உள்ளே நின்றது வேறு யாருமல்ல, அவனுடைய...

அவ்வளவுதான். அவனுடைய என்ன? பெண்டாட்டியா? மாடா? செத்துப்போன அப்பனா? அத்தனை வருஷமும் தணிகாசலம் சாப்பிடும்போது, பஸ்ஸில் போகும்போது, மகளின் கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போதுகூட யோசித்திருக்கிறார். அவனுடைய என்ன?

சூசைராஜைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சூசைராஜ் டீ குடிக்கிற கடையில் டீ குடிப்பதையே நிறுத்தினார். சூசைராஜின் தெரு வழியாகப் போனால் பட்டறை பக்கம் என்றாலும் சுற்றிப் போனார். சூசைராஜின் மனைவி இறந்தபோது ஊரே போனது. தணிகாசலம் பிணம் போகிற தெருவின் முனை வரைக்கும் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். அந்த மனுஷனுக்கு என்னுடைய முகத்தைக் காட்ட மாட்டேன் என்று வைராக்கியம்.

ஆனால் இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்று. ஞாயிறுதோறும் தங்கள் பாதியைப் பையில் போட்டு எடுத்துவருவார்கள். முழுப் பிரதி எப்போது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? கிடைத்தால் அதே பதிப்புதானா என்று பக்கம் வைத்துப் பார்க்க வேண்டாமா?

அந்த ஞாயிறு, நடைபாதையே தீப்பிடித்த மாதிரி இருந்தது. அடையாறு பக்கம் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்திருந்தார்கள். அந்த வீட்டுத் தாத்தா விஞ்ஞானக் கதைப் பைத்தியம், பேரன் ஜப்பானில் வேலை பார்த்தவன். புத்தகம் ஆறேழு மூட்டை, பொம்மை பெட்டி பெட்டியாக! காலேஜ் பிள்ளைகள் ஒரு பக்கம் முண்டினார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தி, பெட்டியைத் திறக்காமலே மோந்து பார்த்து, "ஒரிஜினல்! ஒரிஜினல் வாசனை!" என்று கத்தினாள். மூட்டைகளை வாங்கி வந்த பழைய புத்தகக்காரர் கனி பாய் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"டீ குடிச்சிட்டுத்தான் கயிறு அறுப்பேன். யாரும் கிட்ட வராதீங்க. ஏய், அந்தக் கையை எடு!"

தணிகாசலம் ஜரீனாவிடம் ஓடினார்.

"குருவே! மூட்டை ஓரம் கிழிஞ்சிருக்கு. நான் பார்த்துட்டேன். சிவப்பு அட்டை. மாட்டுக் கொம்பு தெரியுது. வண்டிக்காரன்தான்!"

"நெசமாவா?"

"என் கண்ணு மேல சத்தியம். ஆனா சூசையும் பார்த்துட்டான். அந்தப் பக்கம் நின்னு செருப்பைக் கழட்டி வச்சிட்டான், ஓடறதுக்கு. குருவே, இந்தத் தடவை எப்படி ஜெயிக்கறது? ஒரு வழி சொல்லு."

ஜரீனா விரிப்பின் மேல் குனிந்தாள். முன்னால் நின்ற பொம்மை ஒன்றை எடுத்தாள். வாள் பிடித்த சின்னப் பெண் பொம்மை. அந்த மாதிரிப் பொம்மைகளோடு கூடுதலாக ஒரு ஜோடிக் கையும் வரும். மாற்றி மாட்டிக்கொள்ளலாம். ஜரீனா அதன் மணிக்கட்டைத் திருகி, இறுக்கிப் பிடித்த கையைக் கழற்றினாள். வாள் விரிப்பில் விழுந்தது. சின்ன டப்பாவிலிருந்து விரிந்த கை ஒன்றை எடுத்து 'டக்' என்று மாட்டினாள். பொம்மையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இன்னா தெரியுது?"

"வாள் போச்சு."

"அப்புறம்?"

"கை காலியா இருக்கு. எனக்கு இப்ப வெளையாட நேரமில்லை குருவே!"

"போ நைனா. கயிறு அறுக்கறாங்க."

அறுத்தார்கள். அந்தச் சத்தம்! மூட்டை வாய் திறந்து புத்தகங்கள் சரசரவென்று தெருவில் வழிந்தன. ஆட்கள் மேல் ஆட்கள் விழுந்தார்கள். தணிகாசலம் இரண்டு பேரின் கால்களுக்கு நடுவே புகுந்தார். முழங்கால் சிராய்த்தது. யாரோ அவர் கையை மிதித்தார்கள். சிவப்பு அட்டை புரண்டது, மறைந்தது, மறுபடி மேலே வந்தது. பாய்ந்து விரலை வைத்தார்.

அட்டையின் மறுமூலையில் காய்ப்பு ஏறிய விரல் ஒன்று விழுந்தது.

அதே விரல்.

"மறுபடியுமா!" என்று கனி பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா, இவங்க ரெண்டு பேரையும் ஒரே ஊர்ல ஏன் வச்ச?"

கூட்டம் தன் வேலையை விட்டுவிட்டு வட்டம் கட்டியது. பழைய ஆட்கள் புது ஆட்களுக்குப் பழைய கதையைச் சொன்னார்கள்.

"விரலை எடுய்யா" என்றார் சூசைராஜ். அத்தனை வருஷத்தில் அவர் தணிகாசலத்திடம் பேசிய முதல் வார்த்தை.

"நான் மொதல்ல வச்சேன்."

"நான்தான் மொதல்ல பார்த்தேன்."

"பார்த்தா ஆச்சா? நெலாவைக்கூடத்தான் நீ பார்க்கற."

கூட்டம் சிரித்தது. சூசைராஜின் முகம் சிவந்தது. அவர் விரல் ஐந்து விரலானது. தணிகாசலத்தின் விரலும் ஐந்து விரலானது. இரண்டு பக்கமும் இழுப்பு. புத்தகத்தின் முதுகிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. காய்ந்த பசை விரிகிற 'டப்'. தணிகாசலத்துக்கு அந்தச் சத்தம் தெரியும். அத்தனை வருஷமாகக் காதில் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம்.

அவர் தலையை நிமிர்த்திக் குருவைத் தேடினார்.

ஜரீனா விரிப்பின் மேல் எழுந்து நின்றிருந்தாள். கூட்டத்துத் தலைகளுக்கு மேலாகப் பொம்மையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். விரிந்த கை தெரிகிற மாதிரி.

தணிகாசலத்துக்குப் புரிந்துவிட்டது. மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பொம்மை அசையவில்லை. சத்தியம் செய்த தலை கனத்தது.

கையை எடுத்தார்.

இழுத்துக்கொண்டிருந்த சூசைராஜ் புத்தகத்தோடு பின்பக்கமாக விழுந்தார். கூட்டம் 'ஹோ' என்று கத்தியது. சூசைராஜ் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே தணிகாசலத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்யா விட்ட?"

தணிகாசலம் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார்.

"உள்ள பக்கம் இல்லையா? பூச்சி அரிச்சிருக்கா?" சூசைராஜ் அவசர அவசரமாகப் புரட்டினார். முதல் பக்கம் இருந்தது. கடைசிப் பக்கம் இருந்தது. நடுவில் எல்லாம் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கனி பாயிடம் காசைக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தார்.

தணிகாசலம் பொம்மை விரிப்பின் முன்னால் வந்து நின்றார்.

"இப்ப கத்தலாமா?"

"கத்து நைனா."

"பாவி! என் கையில இருந்ததம்மா! என் விரலுக்கு அடியில இருந்தது! உன்னை நம்பி வந்தேன். எனக்கு ஜெயிக்க வழி சொல்லுன்னா, அவனுக்கு வாரிக் குடுக்க வச்சிட்டியே!"

கண்ணாடி போட்டவள் ஒரு பூனைக்காதுப் பொம்மையை நீட்டி விலை கேட்டாள். ஜரீனா அவளுக்கு விலை சொல்லி, பொட்டலம் கட்டி, மாற்றுக் கை டப்பாவைத் தனியாகக் கொடுத்து அனுப்பினாள். பிறகு திரும்பினாள்.

"முடிஞ்சுதா?"

"முடியலை. மூச்சு வாங்குது."

"சரி, வாங்கிக்க. இப்ப சூசை நைனா கிட்ட எத்தனை புத்தகம் இருக்கு?"

"ஒண்ணு. முழுசு. என்னோடது."

"நல்லா எண்ணிப் பாரு."

தணிகாசலம் விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணரை."

"எந்த அரை?"

"பின்..." அவர் குரல் இறங்கியது. "பின்பாதி."

"அது இனிமே அவருக்கு எதுக்கு?"

தணிகாசலத்தின் நெஞ்சு மறுபடி அடித்துக்கொண்டது. கயிறு அறுபடும்போது அடித்ததைவிட வேகமாக. உடனே முகம் சுருங்கியது.

"தர மாட்டான். எரிச்சாலும் எரிப்பான், எனக்குத் தர மாட்டான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானா இருந்தா எரிப்பேன்."

ஜரீனா சிரித்துவிட்டாள். "அப்ப அவர் ஏன் இன்னும் வீட்டுக்குப் போகலை?"

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். தெருமுனையில், அவர் பகைக்காக விட்டுவிட்ட அந்த டீக்கடையின் வாசலில், சூசைராஜ் நின்றிருந்தார். ஒரு கக்கத்தில் சிவப்பு அட்டைப் புத்தகம். மறுகை பைக்குள் போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. டீ வாங்கவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார். தணிகாசலம் பார்க்கிறார் என்று தெரிந்ததும் வானத்தைப் பார்த்தார்.

தணிகாசலம் தன் பையைத் தொட்டுப் பார்த்தார். முன்பாதி இருந்தது. தொப்பியைக் கழற்றினார். ஓரடி வைத்தார். நின்றார்.

"குருவே."

"இன்னா?"

"இத்தனை வருஷம் ஆச்சும்மா. அவர் சம்சாரம் செத்ததுக்குக்கூட ஒரு வார்த்தை கேக்கலை. இப்ப போய் நின்னு நான் எதைச் சொல்ல? எங்கேருந்து ஆரம்பிக்க?"

ஜரீனா குனிந்து, விரிப்பில் கிடந்த சின்ன வாளை எடுத்து டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"கிழிஞ்ச எடத்துலேருந்து ஆரம்பி நைனா."