வழிய வழிய ஊற்றிய பெட்ரோல்

"அம்மா, இந்தச் சனியன் என் மானத்தை வாங்குது" என்றபடி மாசிலாமணி மரம் அறுக்கும் மிஷினைக் கொண்டுவந்து நாச்சியாரம்மாவின் முன்னால் தொப்பென்று வைத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனாலும் அந்த மலைமடத்தில் அம்மாதான் குரு, மாசிலாமணி சீடர். துறவுக்கு முன்னால் அம்மா பட்டறையில் பம்ப்செட் இன்ஜின் பிரித்து மாட்டியவர். ஆகவே மடத்தில் மனசு கெட்டாலும் மோட்டார் கெட்டாலும் எல்லாரும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

"என்ன செய்யுது?"

"கயித்த இழுத்தா உடனே பிடிச்சுக்குது. சும்மா இருக்கிற வரைக்கும் நல்லாத்தான் ஓடுது. மரத்துல வைக்கலாம்னு ஆக்சிலேட்டர அமுக்கினா, திக்கித் திணறி அணைஞ்சுபோகுது. பிளக்கத் துடைச்சேன். ஏர் ஃபில்டரக் கழுவினேன். ம்ஹூம்."

மனுஷர் பதறியதில் நியாயம் இருந்தது. முந்தின நாள் காற்றில், மடத்துக்கு ஏறும் ஒரே பாதையில் பெரிய இலவமரம் ஒன்று கிளையும் இலையுமாகச் சாய்ந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் அவருடைய மகள் பொற்கொடி தன் கல்யாணப் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஜீப் டிரைவர் சேவுகன்தான் மரத்தில் தொற்றி ஏறி வந்து தகவல் சொன்னான். அவளுக்கு ஒரு கால் சூம்பிய கால், அப்படி ஏறி வர முடியாது. மூன்று மணிக்கு ஜீப் இறங்கும்போது அவளும் இறங்கிவிடுவாள்.

மனைவி இறந்தபின், அப்போது ஒன்பது வயதான பொற்கொடியைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு மலையேறியவர் மாசிலாமணி. பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

"மிஷினக் கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"போன ஐப்பசியில."

"எப்படி எடுத்து வச்சீங்க?"

மாசிலாமணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"நல்லாத் துடைச்சு, சந்தனப் பொட்டு வச்சு, டேங்க் வழிய வழிய பெட்ரோல் ஊத்தி, மூடிய இறுக்கிப் பரண்ல வச்சேன். அரிசிப் பானைய யாராச்சும் வெறுமனே வைப்பாங்களா அம்மா? எங்க வீட்டுல குடத்தக்கூடக் காலியா வச்சது கிடையாது."

அம்மா டேங்க் மூடியைத் திருகித் திறந்தார்.

"மோந்து பாருங்க."

மூக்கை வைத்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவின் நாற்றம்தான் குப்பென்று அடித்தது.

"நல்ல பெட்ரோல்தான் ஊத்தினேன்! ஒரு சொட்டுக்கூடக் குறையலையே!"

"குறையலதான்" என்றார் அம்மா.

அவர் அதைத் தகர டப்பாவில் கொட்டினார். கார்புரேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஊசிமுனை அளவுத் துளை ஒன்றில், கிடந்த பெட்ரோல் மஞ்சள் பிசினாக உறைந்திருந்தது.

"சும்மா ஓடறதுக்கு இன்னொரு துளை இருக்கு, அது போதும். பாரம் ஏறினா இது வழியாத்தான் பெட்ரோல் வரணும்."

சேவுகன் ஜீப்பிலிருந்து புது பெட்ரோல் பிடித்துவந்தான். அம்மா துளையை அதில் கழுவி ஊதினார். ஊதிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளைகிட்டப் பேசினீங்களா?"

"வாசல அடைச்சு வச்சுக்கிட்டு வாம்மான்னா நல்லாவா இருக்கும்? பாதையச் சரிபண்ணிட்டு நேர்ல போய் நிக்கிறேன்."

"இத்தன வருஷத்துல ஒரு கடுதாசி?"

"எழுதித்தான் காட்டணுமா அம்மா? அவ மேல வச்ச பாசம் நெஞ்சு நிறைய அப்படியே இருக்கு."

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து கார்புரேட்டரை மாட்டினார்.

ஆயில் கலந்து புது பெட்ரோல் ஊற்றி, கயிற்றை இழுத்தார்கள். பிடித்துக்கொண்டது. அமுக்கினார்கள். மலையே அதிர்கிற மாதிரி அலறியது. அணையவில்லை.

மாசிலாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் முதல் கிளையில் வைத்தார். வெண்ணெயாக அறுந்தது. மணி இரண்டரைதான் ஆகியிருந்தது.

பின்னாலேயே வந்த அம்மா கையை நீட்டி மிஷினை அணைத்தார்.

"என்னம்மா இது! இப்பத்தானே ஓட ஆரம்பிச்சுது!"

"கூப்பிடுங்க."

"யார?"

அம்மா மரத்தைக் காட்டினார். இலைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.  உரக்க, நன்றாகவே கூப்பிட்டார்.

"பொற்கொடி!"

 இலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், மரியாதையாகக் கேட்டது.

"யாருங்க அது? எங்கப்பா மாசிலாமணி உள்ள இருக்காருங்க. அவரக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா?"