ஒரே கயிற்றுப் பந்தல்

ஆற்றங்கரை ஊராகிய திருமணற்காட்டில் பந்தல் கட்டிப் பிழைத்தவர் ஆனிலையார். விடிந்ததும் முழுகி, நீறு பூசி, மூங்கிலைத் தொட்டுக் கும்பிட்ட பிறகே அரிவாளை எடுப்பார். முடிச்சுக்கு ஒருமுறை ஐந்தெழுத்தைச் சொல்வார். சொல்ல மறந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

ஆனி மாதத்தில் இறைவர் பல்லக்கில் வறண்ட ஆற்று மணலுக்கு எழுந்தருளி மூன்று நாள் தங்குவார். அவருக்கு நிழல் தருவது ஆனிலையாரின் தொண்டு. அந்தப் பந்தலில் குழி தோண்டி நட்ட கால் ஒன்றும் கிடையாது. நாலு மூங்கிலும் ஒரு கீற்றுக் கூரையும் சேர்ந்தால் ஓர் அறை. மடக்கினால் ஒரு தோள்சுமை. அப்படி நாற்பது அறைகளைக் கோத்து, இழுத்தால் அவிழும் உருவு முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் இணைத்திருப்பார்; அதை இழுத்தால் பந்தல் முழுதும் மடிந்துவிடும். ஊர் வாய் சும்மா இருக்குமா? கோழிக்கூடு என்று சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு இரவல் தந்த இடத்தில் அழுத்திக் கால் ஊன்றக்கூடாது என்பது அவர் எண்ணம்.

அந்த ஆண்டு, மூன்றாம் நாள் காலையில் பந்தற்கால்களைத் தடவிக்கொண்டு வந்தவரின் கை ஈரமானது. மணல் மேலே சுட்டது, அடியில் கசிந்தது. அவர் மிதித்த தடத்தில் செந்நீர் ஊறி நின்றது. ஆற்றில் ஒரு கொக்கையும் காணவில்லை. மேற்கே மலைகள் கறுத்துக் கிடந்தன. பந்தலின்கீழ் குழந்தை குட்டிகளோடு ஆயிரம் பேர் அமர்ந்திருந்தார்கள்.

ஆனிலையார் ஊர்த்தலைவர் வேள்கூற்றனாரிடம் ஓடினார்.

"ஐயா, கால் அடியில தண்ணி ஊறுது. சாமியைக் கரையேத்திடுங்க."

"உச்சிவேளைத் தீர்த்தவாரி முடியாம சாமி எழுந்திரிக்காது. பயமா இருந்தா நீ வீட்டுக்குப் போ."

இறைவர் அமர்ந்திருக்கையில் பந்தலில் ஒரு முடிச்சை அவிழ்ப்பதும் அவர் வீட்டை இடித்த பாவம். செய்தவன் பிறகு கோயில் வாசலை மிதிக்க முடியாது. ஆனால் கூரையில்லாமல் திருமேனி வெயிலில் இருக்கவும் கூடாது. உடனே கரைமேல் மண்டபத்துக்குத் தூக்கியாக வேண்டும். சாமி போனால் கூட்டமும் போகும். இந்த இரண்டு விதிகளையும் ஆனிலையார் அறிந்தவர். கோயிலை விட்டால் அவருக்கு வேறு யார் இருந்தார்கள்? கயிற்றைப் பிடித்தபடி அழுதார்.

"உன்னை வெயில்ல விடுறேன் அப்பா, பொறுத்துக்க" என்று கயிற்றை இழுத்தார்.

நாற்பது அறைகளும் மடிந்து சாய்ந்தன. கீற்றல்லவா, ஒருவருக்கும் காயமில்லை. மேளம் நின்றது. பதறிப்போய்ப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கூட்டம் அவரைச் சபித்தபடி, கல்லெறிந்தபடி பின்னால் ஏறியது.

"இனி இவன் நிழல்கூடக் கோயில்ல விழக்கூடாது" என்றார் வேள்கூற்றனார்.

ஆனிலையார் பின்தொடரவில்லை. நெற்றியில் இரத்தம் வழிய, மணலில் தனியாக நின்று கூரைகளை அடுக்கினார். கடைசி ஆள் கரையேறியபோது சேற்று வாடை வந்தது. பிறகு ஓர் இரைச்சல். பிறகு மணலே இல்லை. செந்நீருக்கு மேல் கூப்பிய இரு கைகளைக் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

மறுநாள் கருவறையைத் திறந்தார்கள். இலிங்கத்தின் மேல் நாலு மூங்கிலில் ஒரு கீற்றுக் கூரை நின்றது. நீர் சொட்டிக்கொண்டிருந்தது. முடிச்சுகள் ஆனிலையாருடையவை.

"எமக்கு நிழலிட்டவன் எம் நிழலில் இருக்கிறான். ஆற்றில் தேடாதீர்" என்று ஒரு குரல் எழுந்தது.

வேள்கூற்றனார் தரையில் விழுந்தார். எவர் நிழல் விழக்கூடாது என்றாரோ, அவர் இட்ட நிழல் இறைவர் திருமுடிமேல் விழுந்திருந்தது. கட்டியும் அவிழ்த்தும் தொண்டு செய்த அந்தப் பெரியவரின் கைகளை நாம் கும்பிடுவோம்.