ஏரிக்குச் சாயம் போட்டது யார்?

உப்புக் காற்று ஓயாத கீழ்க்கரைச் சீமையை முன்னொரு காலத்தில் மணிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மனுஷன் நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் காதைக் கடித்தாரோ, அவர் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

அங்கே ஓர் உப்பு ஏரி. சடைச்சி என்பவளும் அவள் சனமும் அதில்தான் உப்பு வாரிப் பிழைத்தார்கள். ஒரு கோடையில் மழை பொய்த்து, ஏரி வற்றி, மிச்சத் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அந்த ஏரியைத் தன் மைத்துனனுக்குப் பிடுங்கிக் கொடுக்க வெகுநாளாய்க் காத்திருந்த பிரதானி சிங்கராயர், உப்பளத்தார் ராஜாவுக்குக் கேடு நினைத்து மந்திரச் சாயம் கலந்துவிட்டதாக ராஜாவின் காதில் ஓதினார். மறுநாளே அத்தனை பேரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவாயிற்று.

சடைச்சி பானை சட்டியை மூட்டை கட்டிக்கொண்டு சபையில் வந்து நின்றாள். "ஏரிக்கு என்ன வந்துச்சுன்னு எங்களுக்கே தெரியல மகாராசா. பொறந்த மண்ண விட்டு எங்க போவோம்?" என்றாள்.

மந்திரி நல்லநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. "மகாராஜா, கிணற்றுச் சுவரில் பச்சைப் பாசி படர்வதுபோல, உப்பு முற்றிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி வளர்கிறது என்று நினைக்கிறேன். வெயிலுக்குத் தப்பத்தான் அது சிவப்பைப் போர்த்திக்கொள்கிறது. ஒரு தொட்டியில் உப்பைக் கரைத்து வெயிலில் வைப்போம். ஏரித் தண்ணீர் ஒரு கரண்டி விடுவோம். சாயமானால் கரைந்து காணாமல் போகும். உயிரானால் பெருகும்" என்றார். காவலுக்குச் சிங்கராயரே இருக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். ராஜாவும் தலையாட்டி, அடுத்த பௌர்ணமிவரை உத்தரவை நிறுத்திவைத்தார்.

ஒரு கரண்டி எம்மாத்திரம் என்று சிங்கராயருக்கு உள்ளூரக் குஷி. தொட்டிக்குக் கம்பிக்கூண்டு போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தொட்டி தெளிவாகவே இருக்க, போகவர மந்திரியைக் கேலி செய்தார். சடைச்சி மூட்டையை அவிழ்க்காமல் அரண்மனை வாசலிலேயே கிடந்தாள்.

அடுத்த பௌர்ணமிக்கு ராஜா வந்து பார்த்தால் தொட்டி சிவந்திருந்தது.

மந்திரி பவ்யமாக, "பிரதானி சொன்னதுதான் சரி மகாராஜா, இது சாயம்தான். சாவி வைத்திருப்பவர்தான் கலந்திருக்கவேண்டும்" என்றார்.

ராஜா வாளில் கை வைத்தார். சிங்கராயர் ஓடிவந்து, "சத்தியமாக நான் எதுவும் கலக்கவில்லை மகாராஜா. அது தானாகவே சிவந்தது" என்று காலில் விழுந்தார்.

"ஏரியும் அப்படித்தான் சிவந்தது" என்றார் மந்திரி.

ராஜா விழித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. ஏரி இனி என்றைக்கும் உப்பளத்தாருக்கே என்று உத்தரவாயிற்று. "பாசிக்கு வெயிலில் சிவப்பு வருகிறது. உமக்கு என்ன நிறம் வருகிறதென்று பார்க்கவேண்டும். கோடை முடியும்வரை போய் உப்பு வாரும்" என்று சிங்கராயரையும் சடைச்சியோடு அனுப்பினார்.

சடைச்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. வீட்டுக்கு வந்ததும் மூட்டையை அவிழ்த்து, நிம்மதியாகக் கஞ்சி காய்ச்சி, பிரதானிக்கும் ஒரு கலயம் ஊற்றினாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, உப்புப் போதவில்லையே என்றார்.

சடைச்சி உப்பு வாரும் பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.