நாலே நாலு சாமான்

"மனுஷன்னா நாலே நாலு சாமான்தாம்மா" என்றார் மாசிலாமணி, உட்காருவதற்கு முன்பே.

அவர் கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியர். தலை முழுக்க நரை. மலையடிவார மடத்தின் தலைவி உமையாள் அம்மைக்கு அவரைவிட வயது குறைவு. இருந்தும் மாசிலாமணிதான் சீடர்.

அம்மை சமையல்கட்டு வாசலில் அரிசிமாவு சலித்துக்கொண்டிருந்தார். சல்லடையை நிறுத்தவில்லை.

"என்னென்ன நாலு?"

"தண்ணியையும் உப்பையும் கழிச்சுட்டா, மாவுச்சத்து. புரதம். கொழுப்பு. அப்புறம் நியூக்ளிக் அமிலம், பரம்பரைச் செய்தி அதுலதான் இருக்கு. யானையானாலும் எறும்பானாலும் அடிப்படை இதுதான். அஞ்சாவதா ஒண்ணு இருக்குன்னு எவனாவது சொன்னா, கொண்டுவந்து காட்டச் சொல்லுங்க."

"மூணாவதா ஒண்ணு சொன்னீங்களே, அது உங்ககிட்ட கொஞ்சம் ஜாஸ்தி."

மாசிலாமணி சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் அவரே முதலில் சிரித்திருப்பார்.

"அவளை எரிச்சுட்டு வந்தப்பவும் இதைத்தான் நினைச்சேன்" என்றார். "நாலும் போயிடுச்சு. சாம்பலைத் தவிர மிச்சம் ஒண்ணுமில்லை. அப்ப நான் யாருக்காக அழறேன்?"

அம்மை சல்லடையைக் கீழே வைத்தார்.

"திங்கக்கிழமை காலேஜ் திறக்குது. முதல் பாடமே இதுதான். பிள்ளைங்க முன்னாடி நின்னு 'இவ்வளவுதான்'னு சொல்ல எனக்கு வாய் வரலை. பொய்யும் சொல்ல வரலை. வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

"அவங்க பேரு என்ன?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மனைவி போனதிலிருந்து 'அவள்' என்றுதான் சொல்லி வருகிறார். பெயரைச் சொன்னால் உடைந்துவிடுவோம் என்று பயம்.

"சொல்ல வேண்டாம். எழுதுங்க."

அம்மை சலித்த மாவை முறத்தில் பரப்பி அவர் முன்னால் தள்ளினார். மாசிலாமணி விரலால் எழுதினார்.

கனகம்.

"இதுவும் நாலுதான்" என்றார் அம்மை.

கடைசி எழுத்தின் தலையில் ஏற்கெனவே புள்ளி இருந்தது. மற்ற மூன்றின் தலையிலும் அம்மை விரல்நுனியால் ஒவ்வொரு புள்ளி குத்தினார்.

"இப்ப வாசிங்க."

"க்... ன்..." தொண்டையிலேயே நின்றுவிட்டது. "இதை எப்படிம்மா வாசிக்கிறது? எல்லாம் வெறும் மெய்."

"மெய்ன்னா?"

"மெய்யெழுத்து."

"வேற அர்த்தம்?"

"உடம்பு" என்றார் மாசிலாமணி.

அம்மை அந்த மூன்று புள்ளிகளையும் நீவி அழித்தார்.

"இப்ப?"

"கனகம்."

சொல்லிவிட்டார். பயந்த மாதிரியே அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டார்.

அம்மை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"நான் என்ன சேர்த்தேன்?"

"ஒண்ணும் சேர்க்கலை. புள்ளியைத்தான் எடுத்தீங்க."

"அப்ப அந்த 'அ' எங்க இருக்கு? காட்டுங்க."

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டி முறத்தின் மேல் குனிந்தார். ஆய்வுக்கூடத்துப் பழக்கம், சும்மா விடாது. முதல் எழுத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மாவுதான் இருந்தது.

"கனகம்" என்று மறுபடி வாசித்தார், இந்தத் தடவை சத்தமாகவே.

உள்ளேயிருந்து சமையல்காரர் பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். "தண்ணி கொதிச்சு வத்துது. கொழுக்கட்டைக்கு மாவு வருமா, வராதா?"

அம்மை முறத்தைத் தொடவில்லை. மாசிலாமணிதான் எழுந்து அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"எனக்கும் நாலு வையுங்க பொன்னுரங்கம். சாப்பிட்டுட்டு ஊருக்குக் கிளம்பணும். திங்கக்கிழமை வகுப்பு இருக்கு."

சொல்லிக்கொண்டே முறத்தைப் பாத்திரத்தில் கவிழ்த்தார்.

"வாத்தியாரே" என்று வாசலிலிருந்து அம்மை கேட்டார், "எழுதினதைக் கொட்டிட்டீங்களே?"

"மாவைத்தானேம்மா கொட்டினேன்" என்றார் மாசிலாமணி.