மூன்று பேருக்கு ஒரு வெண்டைப் பாத்தி

இந்தப் புதிரைக் கேட்கிறவர்கள் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தால் நல்லது. பாதியிலேயே விடை தெரிந்துவிட்டது என்று எழுந்தவர்கள் இதுவரை தப்பான பக்கத்தில்தான் போய் நின்றிருக்கிறார்கள்.

தெற்கே ஒரு வேளாண்மைக் கல்லூரி. மூன்றாம் ஆண்டு மாணவர்களை மும்மூன்று பேராகப் பிரித்து, அணிக்கு ஒரு பாத்தி கொடுத்து, வெண்டை பயிரிடச் சொல்வது அங்கே வழக்கம். பாடம் எடுக்கிற ஞானதுரை சார் முதல் நாளே வரப்பில் நின்று விதியைச் சொல்லிவிட்டார்.

"மூணு பேரும் வேலை செய்யணும். ஒருத்தர் கை படலைன்னாலும் மூணு பேருக்கும் பூஜ்யம். முதல் பறிப்பன்னைக்குச் சீட்டுப் போட்டு ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பேன். கடைசிப் பறிப்பு முடிஞ்சதும் மார்க்கு."

பேச்சியம்மாளுக்கு வாய்த்த கூட்டாளிகள் அபினேஷும் ஜெனிஃபாவும். பேச்சி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். விதை ஆராய்ச்சியில் மேற்படிப்பு படிப்பது என்று முடிவு கட்டி வந்தவள். இந்தப் பாடத்தில் தவறினால் அதற்கான நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

விதை ஊன்றிய அன்று அபினேஷ் வந்தான். வந்தான் என்பதோடு சரி, ஊன்றியது பேச்சிதான். மறுநாளிலிருந்து அவனைப் பார்க்க வேண்டுமானால் கைப்பந்து மைதானத்துக்குத்தான் போக வேண்டும். பேச்சி வேலைகளைப் பங்கு பிரித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அபினேஷ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அந்த விரல் மம்மட்டிக் காம்பைத் தொடவே இல்லை.

ஜெனிஃபா அப்படியில்லை, தினமும் வருவாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, செடியோடு தன்னையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்வாள். பேச்சிக்கு மறக்காமல் நேந்திரம் சிப்ஸ் கொண்டுவருவாள். ஒரே ஒரு தடவை களையெடுக்கக் குனிந்தாள். களையை அப்படியே விட்டுவிட்டு ஒரு வரிசை வெண்டைக் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டாள். பேச்சிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம் தாயி. போய் நிழல்ல உக்காரு" என்றாள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் ஜெனிஃபா கடைசிவரை தட்டாமல் கேட்டாள்.

"சார்கிட்ட சொல்லிடேன்" என்றார்கள் விடுதித் தோழிகள். சொன்னால் பூஜ்யம் மூன்று பேருக்கும்தான். கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பாவாடையை இழுத்துச் செருகிவிட்டாள். களையெடுத்தது, தண்ணீர் பாய்ச்சியது, மண் அணைத்தது, நரம்பு மஞ்சளித்த செடிகளை நோய் பரவுவதற்குள் பிடுங்கி எரித்தது எல்லாம் அவள் ஒருத்திதான். இது என் படிப்பு, எவனுக்காகவும் விட மாட்டேன் என்று அவள் செடிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

முதல் பறிப்பு வந்தது. கல்லூரியிலேயே அந்தப் பாத்தியில்தான் காய் கண்ணைப் பறித்தது. சார் சீட்டுப் போட்டார். அபினேஷ் பெயர் வந்தது.

சார் நோயைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ கேட்கவில்லை. "இந்தப் பாத்தியில நீ என்ன வேலை செஞ்ச?" என்று மட்டும் கேட்டார்.

அபினேஷ் பாத்தியைப் பார்த்தான், பேச்சியைப் பார்த்தான். "ஒண்ணும் செய்யல சார்."

பொய் சொல்லக்கூட அவனுக்குச் சோம்பல் என்று வகுப்பு பிறகு கேலி பேசியது. ஆனால் அப்போது அவன் முகம் செத்துப்போயிருந்தது.

ஜெனிஃபா முன்னால் வந்தாள். "பயத்துல உளறுதான் சார். மூணு பேரும் சேந்துதான் செஞ்சோம்." பேச்சிக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

சார் பேச்சி பக்கம் திரும்பினார். "பேச்சியம்மா, இதுல யார் சொல்றது நிஜம்? நீ சொல்றதுதான் எனக்கு முடிவு."

பேச்சிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பருவம் முழுக்க ஒன்றும் செய்யாதவன் இன்றைக்குப் பார்த்து உண்மை பேசுகிறான். அந்த உண்மையை ஒப்புக்கொண்டால் அவள் உழைப்பு மண்ணாகப் போகும். ஜெனிஃபாவின் பொய்க்குத் தலையாட்டினால் பாடத்தில் தேறிவிடலாம். கூடவே அந்த இரண்டு பேரும் அவள் முதுகில் ஏறியே கரை சேர்ந்துவிடுவார்கள்.

இனி நீங்கள் வாய் திறக்கலாம். இந்த இருவரில் யார் செய்தது சரி? பேச்சி யார் பக்கம் நின்றிருக்க வேண்டும்?

விடை: அபினேஷ் செய்ததுதான் சரி, பேச்சியும் அவன் பக்கம்தான் நின்றாள். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு அவனைப் போல அங்கேயே நின்றுவிடவில்லை. "அவன் சொல்றதுதான் நிஜம் சார். ஜெனிஃபாவும் செய்யல. அவளை உக்காரச் சொன்னது நான்தான், அது என் தப்பு. ஆனா இன்னைக்கு முதல் பறிப்புதானே? வெண்டை இன்னும் ஒரு மாசம் காய்க்கும், ஒண்ணுவிட்ட ஒருநாள் பறிக்கணும். மார்க்கு கடைசிப் பறிப்புக்குத்தான்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னைக்கு வந்து இதையே கேளுங்க, அதுவரைக்கும் இவங்ககிட்ட நான் வேலை வாங்குதேன்" என்றாள். சார் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். மறுநாள் விடிந்ததும் பேச்சி ஆண்கள் விடுதி வாசலில் போய் நின்று அபினேஷின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அவன் வெளியே வருகிற வரைக்கும் கூப்பிட்டாள். ஜெனிஃபாவைச் செடி வரிசையில் உட்காரவைத்து, எது களை எது வெண்டை என்று தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். கடைசிப் பறிப்பன்று சார் அதே கேள்வியை அபினேஷிடம் கேட்டபோது, அவன் செய்த வேலைகளையெல்லாம் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.